சூரியனில் சுண்ணாம்பு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒளியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கதிர் என்ற சொல்லுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் மூன்று அர்த்தங்கள் புழங்குகின்றன. வயலில் முற்றி நிற்பது கதிர். காலையில் போடி மலையின் நெற்றியில் வந்து விழுவதும் கதிர். மூன்றாவது அர்த்தம் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வைக்கப்போகிறார்கள் என்ற பேச்சோடு வந்து சேர்ந்தது. 'கதிர் வெளிய வந்துருமாம்ல' என்று தேவாரத்து டீக்கடையில் சொன்னால் யாரும் நெல்லை நினைப்பதில்லை. முதல் இரண்டு அர்த்தங்களும் பிழைப்பு. மூன்றாவது பயம்.

இந்த மூன்றாவது அர்த்தம் வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து விதைத்த பீதி என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். எதிர்த்தவர்களோ, கதிர் என்றாலே அழிவு என்ற ஒரே சமன்பாட்டில் எல்லாவற்றையும் அடைத்தார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு மறதி இருக்கிறது. ஒளி அணுவை என்ன செய்கிறது, ஒளிபட்ட அணு என்னவாகிறது என்ற கேள்வி இந்தப் பள்ளத்தாக்கின் ஓரத்திலேயே நூறு வருஷத்துக்கு மேலாக, மேகம் மறைக்காத நாளெல்லாம், கண்ணாடித் தகட்டில் பதிவாகிக்கொண்டிருந்தது என்பதுதான் அது. பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற பழனிமலைத் தொடரின் முதுகில், கொடைக்கானலில், அந்த வேலை நடந்தது. அதற்கும் எங்கள் வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்கும் தாய் ஒன்று. பஞ்சம்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி லண்டனில் உட்கார்ந்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையை நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1877இல் நார்மன் லாக்யர் என்ற வானியலாளரும், டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்ற காலனியப் புள்ளிவிவர அதிகாரியும் சேர்ந்து சூரியக் கரும்புள்ளிகளுக்கும் பஞ்சங்களுக்கும் உறவு உண்டு என்று எழுதினார்கள். சென்னையின் மழைக்கணக்கை எடுத்து, ஏறத்தாழ பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும் கரும்புள்ளிகளோடு பொருத்திப் பார்த்தார் ஹண்டர். புள்ளி குறைந்த வருஷங்களில் மழை குறைகிறது, மழை குறைந்தால் பஞ்சம். எனவே சூரியனைக் கண்காணித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இந்த வாதம் யாருக்கு வசதி என்று கேட்கவேண்டும். பஞ்சத்தின் காரணம் பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்றால், வரிவசூலையும் கப்பலேறிய தானியத்தையும் நிவாரண முகாமில் குறைக்கப்பட்ட கூலியையும் யாரும் பேசவேண்டியதில்லை. இதைச் சொல்ல ஃபூக்கோவைக்கூட இழுக்கவேண்டாம், எங்கள் ஊர்ப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் லாக்யரை வெறும் சூழ்ச்சிக்காரராகக் காட்டினாலும் வரலாறு கைநழுவிப் போகும். ஏன் என்பது பிறகு வரும்.

பஞ்சத்தின் அரசியல் இரண்டு கட்டுமானங்களாக மலையேறியது. ஒன்று முல்லைப்பெரியாறு. 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை, 1887இல் வேலை, 1895 அக்டோபரில் திறப்பு. மற்றொன்று கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1893இல் முடிவாகி, அதே 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டு விழாவிலும் நின்றவர் ஒரே ஆள், சென்னை கவர்னர் வென்லாக் பிரபு. ஒரு கையால் மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்டு, இன்னொரு கையால் சூரியனைப் பார்க்கக் கல் நாட்டிய அந்த வருஷத்தைக் காலனியத்தின் தன்னம்பிக்கை உச்சத்தில் இருந்த வருஷம் எனலாம். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியில் ராண்ட்கென் தன் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிரைக் கண்டார். வருஷங்கள் இப்படிப் பொருந்துவதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது அர்த்தத்துக் கதிர் உலகத்துக்கு வந்த வருஷமும் அதுதான் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அணையை எங்கள் மக்கள் கொண்டாடுகிறார்கள். பென்னிகுக் படம் வீட்டுக்கு வீடு தொங்குகிறது, பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிறார்கள், லோயர் கேம்ப்பில் பொங்கல் வைக்கிறார்கள். காய்ச்சலில் செத்த கூலிகளுக்கு அந்த அளவுக்கு நினைவு இல்லை. ஆய்வகத்துக்கோ இந்தப் பக்கத்தில் எந்த நினைவும் இல்லை. இத்தனைக்கும் 1914 வாக்கில் வத்தலக்குண்டு பக்கத்து மலைச்சாலை முடிகிறவரை கொடைக்கானலுக்கு வண்டிப்பாதை கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து கால்நடையாகவோ குதிரையிலோ டோலியிலோ ஏறவேண்டும். அந்த மலைப்பாதையை வெள்ளைக்காரர்கள் 'கூலி காட்' என்றே எழுதினார்கள். பாதைக்குப் பேர் வந்ததே சுமந்தவர்களால்தான். சுமந்தவர்களின் பேர் எங்கும் இல்லை. மேலே போன லென்சும் பித்தளையும் கண்ணாடித் தகடுகளும் மனிதத் தலையையும் தோளையும் மாட்டின் முதுகையும் நம்பித்தான் போயிருக்கவேண்டும். அறிவியல் வரலாற்று நூல்களில் கருவியின் துளை அளவு இருக்கும், செய்த கம்பெனியின் பேர் இருக்கும். ஏற்றுக்கூலி இருக்காது.

மேலே போன கருவிகளில் ஒன்று கேம்பிரிட்ஜிலிருந்து 1904இல் வந்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். பேர்தான் நீளம், காரியம் எளிது. சூரிய ஒளியை நிறம் பிரித்து, அதில் ஒரே ஒரு மெல்லிய கோட்டை மட்டும் ஒரு பிளவின் வழியே விட்டு, அந்த ஒற்றை நிறத்தில் முழுச் சூரியனையும் வருடி எடுக்கும் படம். கொடைக்கானலில் தேர்ந்த கோடு ஊதா விளிம்பில் 393.4 நானோமீட்டரில் இருக்கும் 'கே' கோடு. கால்சியம் தருவது.

கால்சியம் என்றால் நமக்கு வேறொன்றுமில்லை, சுண்ணாம்பின் உலோகம். சின்னமனூர் வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பு, பெரியாறு அணையைச் சுர்க்கியோடு சேர்ந்து கட்டிப்பிடித்து நிற்கிற சுண்ணாம்பு. மேற்கு மலையில் சுண்ணாம்பை அரைத்து ஆற்றை மறித்தவர்களின் அரசு, வடக்கு மலையில் சூரியனின் சுண்ணாம்பைப் படம் பிடித்தது. அந்தப் படங்களில் கரும்புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு நாளும் எடுத்தார்கள், தேதி போட்டு அடுக்கினார்கள். ஆனால் அந்த வெள்ளைத் திட்டிலிருந்து ஒளி விடுகிற சுண்ணாம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது எடுத்தவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இங்கேதான் லாக்யர் திரும்ப வருகிறார். பஞ்சத்தைச் சூரியன் தலையில் கட்டிய அதே லாக்யர், கால்சியத்தைப் பற்றி ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். தீச்சுடரில் கால்சியத்தைக் காட்டினால் 422.7 நானோமீட்டரில் ஒரு கோடு பளிச்சென்று தெரிகிறது. மின்பொறியில் காட்டினால் அது மங்கி, 'எச்', 'கே' என்ற வேறிரண்டு கோடுகள் ஓங்குகின்றன. சூரியனில் ஓங்கியிருப்பதும் இவைதான். ஒரே தனிமம் ஏன் இரண்டு குரலில் பேசவேண்டும்? அதிக வெப்பத்தில் தனிமமே உடைந்து வேறொன்றாகிவிடுகிறது, அதைப் 'புரோட்டோ கால்சியம்' என்போம் என்றார் லாக்யர். அணு என்றால் பிளக்கமுடியாதது என்று நம்பிய வேதியியலாளர்கள் சிரித்தார்கள்.

எதை உடைப்பது என்று தெரிய, முதலில் அணுவுக்குள் உடைத்தெடுக்க ஒன்று இருக்கிறது என்று தெரியவேண்டும். 1897இல் எலெக்ட்ரான் வந்தது. 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியின் பக்கத்தைச் சரிசெய்தார். புறஊதா ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் தெறிக்கிறது. ஆனால் சிவப்பு ஒளியை எவ்வளவு பிரகாசமாக அடித்தாலும் தெறிப்பதில்லை. ஐன்ஸ்டைன் சொன்ன காரணத்தை நான் எங்கள் ஊர் பஸ்ஸை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். தேனியிலிருந்து கம்பத்துக்கு ஒரு டிக்கெட் விலை இருக்கிறது. ஆளுக்கு எட்டணா வைத்துக்கொண்டு நூறு பேர் நின்றாலும் ஒருத்தர்கூட ஏறமுடியாது. சேர்த்துப்போட்டு ஒருவருக்கு டிக்கெட் எடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஒளி சிப்பம் சிப்பமாக வருகிறது; ஒவ்வொரு சிப்பத்தின் கையிலும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு, எத்தனை சிப்பம் என்பது அடுத்த கணக்கு. (லேசர் வந்தபிறகு சேர்த்துப்போட்டு டிக்கெட் எடுப்பதும் நடந்தது. அது நடக்கும் என்று 1931லேயே மரியா கோப்பெர்ட் மேயர் எழுதிவைத்திருந்தார். ஆனால் அதற்குப் பேய்த்தனமான நெரிசல் வேண்டும்.)

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவின் கையில் ஏறத்தாழ 3 எலெக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. கால்சிய அணுவின் வெளி எலெக்ட்ரானைப் பிடுங்க 6.11 வேண்டும். எனவே 203 நானோமீட்டருக்கும் குறுகிய புறஊதா வேண்டும், அல்லது வெப்பத்தில் அணுக்கள் அந்த அளவுக்கு முட்டிக்கொள்ளவேண்டும். பிடுங்கப்பட்ட பிறகு அது பழைய கால்சியம் அல்ல. மிச்சமுள்ள எலெக்ட்ரான் வேறு இறுக்கத்தில் நிற்கிறது, வேறு நிறங்களுக்குத்தான் செவி சாய்க்கிறது. 'கே' கோடு அந்த இழந்த கால்சியத்தின் கோடு.

இதைச் சூரியனுக்குப் பொருத்திச் சொன்னவர் மேகநாத் சாஹா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரரின் மகன். கவர்னர் வருகையைப் புறக்கணித்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். கல்கத்தா விடுதியில் சாதியின் பேரால் பந்தியில் ஒதுக்கப்பட்டவர். அவரிடம் தொலைநோக்கி இல்லை. கிரகண காலத்தில் மற்றவர்கள் எடுத்த அளவுகளை அச்சில் படித்தார். சூரியனின் நிறமண்டலத்தில் சாதாரணக் கால்சியத்தின் கோடு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் உயரம்வரைதான் தெரிகிறது. 'எச்', 'கே' கோடுகள் 14,000 வரை ஏறுகின்றன. மேலே போகப்போக வெப்பம் கூடுவதாக அன்று யாரும் நினைக்கவில்லை. பிறகு ஏன் மேலே உடைந்த கால்சியம் மட்டும் நிற்கிறது?

சாஹாவின் விடையைக் காளவாசல் பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் வாயு பிரிந்து சுண்ணாம்பு மிஞ்சுகிறது. சூளையின் வாய் திறந்திருந்து வாயு வெளியேறினால் கல் சீக்கிரம் நீறும். மூடி அடைத்தால் பிரிந்த வாயு மறுபடி கல்லோடு ஒட்டும். ஆக, சூடு மட்டுமல்ல அழுத்தமும் தீர்மானிக்கிறது. அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிரிவதையும் இதே மாதிரி ஒரு வேதிவினையாக எழுதினார் சாஹா. நிறமண்டலத்தின் மேல்தட்டில் அழுத்தம் மிகக் குறைவு. பிரிந்துபோன எலெக்ட்ரானுக்குத் திரும்பிவர ஆள் கிடைப்பதில்லை. எனவே அங்கே உடைந்த கால்சியமே பெரும்பான்மை. 1920 அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. லாக்யர் அந்த ஆகஸ்டில்தான் செத்திருந்தார். புரோட்டோ கால்சியம் என்று அவர் சொன்னது எலெக்ட்ரான் இழந்த கால்சியம். சிரித்தவர்களுக்கு விடை கல்கத்தாவிலிருந்து வந்தது. அடுத்த சில மாதங்கள் சாஹா லண்டனில் வேலை செய்தது லாக்யரின் பழைய உதவியாளர் ஆல்ஃப்ரெட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்தில்.

சாஹாவுக்கு இதற்கு முந்தைய ஒரு கதை உண்டு. ஒளி அணுவை உடைப்பதற்கு முன்னால் தள்ளவும் செய்யும். தனக்குப் பிடித்த நிறத்தை விழுங்குகிற அணு ஒவ்வொரு சிப்பத்தோடும் ஒரு சின்ன உந்தலையும் வாங்கிக்கொள்கிறது. கனமான கால்சியம் சூரியனின் ஈர்ப்பை மீறி அவ்வளவு உயரத்தில் மிதக்க இதுவும் காரணம் என்று நீண்ட கட்டுரை ஒன்று எழுதி அமெரிக்க இதழுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் பங்கு கேட்டார்கள். சாஹாவிடம் பணம் இல்லை. நீண்ட கட்டுரை உள்ளூர்ப் பல்கலைக்கழக இதழில் முடங்கியது, சின்னக் குறிப்பு ஒன்று மட்டும் அங்கே வந்தது. சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு இது புரியாத கதை அல்ல.

இதை வைத்து 'கொடைக்கானல் வெள்ளைக்காரர் பார்த்தார், கல்கத்தா இந்தியர் சிந்தித்தார்' என்று ஒரு எதிர்வு கட்டலாம். கட்டியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1907 முதல் கொடைக்கானலில் இருந்த ஜான் எவர்ஷெட் இந்த எதிர்வுக்குள் அடங்கமாட்டார். 1909இல் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டவர் என்று பாடநூல் சொல்லும். எனக்கு முக்கியமானது அதற்கு முந்தையது. 1898 ஜனவரி கிரகணத்தின்போது மத்திய இந்தியாவில் தல்னி என்ற இடத்தில், சூரிய விளிம்பின் புறஊதா நிறமாலையை அவர் படமெடுத்தார். ஹைட்ரஜனின் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்து 364.6 நானோமீட்டரில் முடிகின்றன. முடிந்த இடத்துக்கு அப்பால் இருட்டு இல்லை, தொடர்ச்சியாக ஒரு மங்கிய ஒளி. கோடு இல்லாத அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? 1913க்குப் பிறகு, போரின் அணு வந்தபின் புரிந்தது. எங்கோ பிடுங்கப்பட்டுத் திரிகிற எலெக்ட்ரான் மறுபடி ஒரு ஹைட்ரஜன் கருவிடம் வந்து ஒட்டும்போது விடுகிற ஒளி அது. திரிகிற எலெக்ட்ரான் எந்த வேகத்திலும் வரலாம், அதனால் கோடாக இல்லாமல் பரவலாக இருக்கிறது. உடைவதன் மறுபக்கத்தை, ஒட்டுவதை, எவர்ஷெட் 15 வருஷம் முன்பே தகட்டில் வைத்திருந்தார். கிழக்கு-மேற்கு பிரச்சினை அல்ல இது. பதிவு முன்னால் போகிறது, அர்த்தம் தாமதமாக வருகிறது.

ஆய்வகத்தைக் கட்டிய காரணம் என்னவாயிற்று? இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டு 1915இல் வெளியிட்டார். பருவமழையைச் சொல்லிவிடும் அளவுக்கு அதில் பிடிமானம் இல்லை. ஹண்டரின் கணக்கு உதிர்ந்தது. ஆனால் கொடைக்கானலின் அன்றாட வேலை நிற்கவில்லை. நோக்கம் செத்த பிறகும் தொழில் நடந்தது. ராய்ட்ஸ், நாராயண், தாஸ், பாப்பு என்று தலைமை மாறியது, வெள்ளைக்காரர் போனார், தகடு எடுப்பது மட்டும் தொடர்ந்தது. அதிகாரம் கட்டிய ஒரு நிறுவனம், அதிகாரத்துக்குப் பயன்படாமல் போன பின்னர்தான் தன் உண்மையான வேலையைச் செய்தது என்பது என் கருத்து.

சூரியனில் நடப்பதைச் சொன்னேன். நம் தலைக்கு மேல் நடப்பது இதைவிட நெருக்கமான விஷயம். உத்தமபாளையத்தில் என் சித்தப்பா வீட்டில் ஒரு மர்ஃபி ரேடியோ இருந்தது. பகலில் தூரத்து ஸ்டேஷன் எதுவும் மீடியம் வேவில் சிக்காது, கரகரக்கும். பொழுது சாய்ந்தால் ஒவ்வொன்றாக வந்துவிடும். 'ராத்திரி காத்து சுத்தமாயிருமப்பா, அதான்' என்பார் சித்தப்பா. அந்த விளக்கம் பாதிக்கு மேல் சரி. சூரியனின் ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டரில் கடுமையான புறஊதாவை விடுகிறது, சிப்பத்துக்கு 10.2 எலெக்ட்ரான் வோல்ட். 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் கொஞ்சமாக இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறின் எலெக்ட்ரானைப் பிடுங்க 9.26 போதும். பிடுங்கப்பட்ட எலெக்ட்ரான்கள் பகலெல்லாம் அங்கே திரிகின்றன. வரும் ரேடியோ அலை அவற்றை உலுக்குகிறது, அவை பக்கத்துக் காற்று மூலக்கூறுகளில் முட்டி அந்தச் சக்தியை வீணாக்குகின்றன. ஸ்டேஷன் செத்துப்போகிறது. சூரியன் மறைந்ததும் எலெக்ட்ரான்கள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன, வழி திறக்கிறது. அதற்கு மேலே, சுமார் 300 கிலோமீட்டரில், காற்று மெலிந்து ஒட்ட ஆள் கிடைக்காத இடத்தில் — சாஹாவின் சூளைதான் இதுவும் — எலெக்ட்ரான்கள் ராத்திரியும் மிச்சமிருந்து அலையைத் திருப்பி அனுப்புகின்றன. இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டுப் பாட்டு மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை, மூலக்கூறுகள் உடைவதையும் ஒட்டுவதையும் தினமும் காதால் கேட்டது. நடுப்பகலில் சிற்றலை மொத்தமாகப் பத்து இருபது நிமிஷம் அடங்கிப்போவதும் உண்டு. சூரியனில் ஒரு வெடிப்பு நடந்து, அதன் எக்ஸ் கதிர் எட்டரை நிமிஷத்துக்குள் வந்து அந்தக் கீழடுக்கைக் கூடுதலாக உடைத்துவிட்ட நாட்கள் அவை.

கொடைக்கானல் இதையும் அளந்தது. 1950களில் ரேடியோ துடிப்புகளை மேலே அனுப்பி எதிரொலி கேட்கும் கருவி வந்தது. காந்தமானிகள் அதற்கும் முன்பே இருந்தன. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில் போவதால், பகலில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. உச்சி நேரத்தில் கொடைக்கானல் காந்தமானி ஏறி இறங்குவதில் அது தெரியும். கம்பத்தில் களையெடுக்கிறவர்கள் தலைக்கு நேர் மேலே ஒளி உடைத்துவிட்ட காற்று ஆறாக ஓடுகிறது. உடைக்கிற அந்த ஒளி மேலேயே தின்று தீர்க்கப்படுவதால்தான் கீழே களையெடுக்க முடிகிறது.

இப்போது பொட்டிப்புரத்துக்கு வரலாம். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: 'ஏன் சார், எக்ஸ்ரே எடுக்குற ரூமுக்குள்ள வராதன்னு போர்டு போடுறீக. அப்ப மலைக்குள்ள வைக்கிறது மட்டும் எப்படி ஒண்ணும் செய்யாது?' கதிர்களுக்குள்ளே வித்தியாசம் இருக்குமா என்பதுதான் அவர் கேட்டது. 1905இல் தொடங்கிய கேள்வி. எக்ஸ் கதிரின் ஒரு சிப்பத்தில் பல்லாயிரம் எலெக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. வெளி எலெக்ட்ரானோடு நிற்காமல் அணுவின் உள்ளறையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கும். உள்ளறை காலியானால் வெளியிலிருந்து ஒன்று உள்ளே விழும், அந்த வேகத்தில் இன்னொன்று வெளியே தெறிக்கும். இரண்டு எலெக்ட்ரானை இழந்த மூலக்கூறு தன் துண்டுகளைத் தானே தள்ளிவிட்டுச் சிதறும். தெறித்த எலெக்ட்ரான்கள் வழியெல்லாம் தண்ணீரை, மரபிழையை உடைத்துக்கொண்டு போகும். போர்டு போட்டது அதற்காக. (எலெக்ட்ரான் பிடுங்கப்பட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக்கூட இப்போது அளக்கிறார்கள், அந்த வகைத் துடிப்பு ஒளிக்குத்தான் 2023 நோபல் பரிசு.)

நியூட்ரினோ ஒளி அல்ல, அதற்கு மின்னூட்டம் இல்லை. சூரியனிலிருந்து வருபவை மட்டும் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நுழைந்து போகின்றன. எலெக்ட்ரானைப் பிடுங்குவது அரிதிலும் அரிது. அதனால்தான் அதைப் பிடிக்க 50,000 டன் இரும்பு வேண்டியிருக்கிறது. மலை எதற்கு? நியூட்ரினோவை அடைத்து வைக்க அல்ல. வானத்திலிருந்து பொழியும் மியூவான்களை வடிகட்ட. அவை மின்னூட்டம் உள்ளவை, அணுக்களை உடைக்கும், திறந்த வெளியில் உள்ளங்கை மீது நொடிக்கு ஒன்றிரண்டாக விழுந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதை அந்த விவசாயியிடம் சொன்னேன். 'இதச் சொல்லியிருந்தா வம்பே இல்லையே' என்றார். நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்த ஒருவர் இந்த மாதிரிக் கேள்விக்கு 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாது' என்றுதான் விடை சொன்னார். எதிர்ப்பு மேடைகளிலும் யாரும் விளக்கவில்லை, பயம் பயனுள்ளதாக இருந்தது. கதிர் பற்றிய சண்டையின் இரைச்சலில், பாறையை வெடி வைத்துத் தகர்ப்பது, குடைந்த கல்லை எங்கே கொட்டுவது, தண்ணீர் எங்கிருந்து எடுப்பது, மேய்ச்சலுக்குப் போகிற பாதை என்னாவது என்ற கேள்விகள் ஓரத்துக்குப் போயின. இவை எலெக்ட்ரான் வோல்ட்டில் தீராதவை. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல், 2017இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் நிறுத்தம், 2018இல் மறுபடி அனுமதி, 2022இல் திட்டம் வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தில் தமிழக அரசு என்று அது போயிற்று. இந்தச் சண்டையில் கதிர் பற்றிச் சொன்னதில் எதிர்ப்பாளர்கள் பிழை, மக்களைப் பற்றி நினைத்ததில் ஆதரவாளர்கள் பிழை என்பது என் நிலைப்பாடு. இரண்டு பிழையும் ஒரே எடை என்று நான் சொல்லமாட்டேன். முன்னதைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும்.

கொடைக்கானலின் 'கே' கோட்டுத் தகடுகள் 2007 வரை எடுக்கப்பட்டன. அவற்றை இப்போது எண்மமாக்கி வைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் சூரியன் எவ்வளவு புறஊதா விட்டது என்று நேரடியாக அறிய வழி இல்லை. அது தரைக்கு வரவே இல்லை. ஆனால் கால்சியத்தின் வெள்ளைத் திட்டு பெருத்த நாளில் புறஊதாவும் பெருத்திருக்கும். எனவே அந்தத் திட்டுகளின் பரப்பை அளந்து நூறு வருஷத்துப் புறஊதாவை மீட்கிறார்கள். 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 காற்றுக்கு வெளியே நின்று அந்த ஒளியை நேராகவே பார்க்கிறது. பழைய தகடுகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய தொல்லை இடைவெளிகள். வரிசையில் நாட்கள் விட்டுப்போயிருக்கின்றன, ஐப்பசி கார்த்திகையில் கூடுதலாக. அன்றெல்லாம் மலைமேல் மேகம் மூடியிருந்தது, கீழே பெரியகுளத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.